இருபத்தேழு வெறுங்கற்கள்

ஒட்டுசுட்டான்
சித்திரை மாதம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில், "தஞ்சாவூர் எப்படி அப்பா இருந்தது?" என்று கேட்டாய். "நல்லது" என்றேன். அதற்குள் அம்மா தொலைபேசியை வாங்கிக் கப்பலில் சத்தி எடுத்த கதையைத் தொடங்கிவிட்டாள். அது முடிவதற்குள் நீ வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. இவ்வளவு காசு செலவழித்து எங்களை அனுப்பியவளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னது எனக்கே சரியாகப்படவில்லை. அதுதான் கொப்பியும் பேனையும் எடுத்து உட்கார்ந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மேசன் கரண்டி பிடித்த கை.

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் வரை நடந்ததை அம்மா சொல்லிவிட்டாள். நான்கு மணி நேரக் கடல்தான், அவள் சொல்வதுபோல நான்கு நாள் இல்லை. நாகபட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ். வழி முழுக்க வயல். வரம்பும் வாய்க்காலும் கொக்கும் நம் முத்தையன்கட்டுப் பக்கம்போலவே இருந்ததால் அம்மாவுக்கு முகம் தெளிந்தது.

நீ பதிவுசெய்து தந்த ஒரு நாள் சுற்றுலாவுக்குக் காலை ஆறரைக்கு விடுதி வாசலுக்கே வான் வந்தது. எங்களோடு பன்னிரண்டு பேர். வழிகாட்டி ஒரு மெலிந்த பொடியன். ஒரு சிவப்புக் குடையை மடக்கியபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பான். நாங்கள் பின்னால் வாத்துக் கூட்டம். நான் இரண்டு வார்த்தை கதைத்ததும், "ஐயா கேரளாவா?" என்றான். இல்லை, வன்னி என்றேன். "வன்னி மரம் தெரியும், கோயில்களில் இருக்கும். அந்தப் பெயரில் ஊரும் இருக்கிறதா?" என்றான். ஊர் இல்லை தம்பி, நான்கைந்து மாவட்டம் அகலமான காடும் குளமும் என்று சொன்னேன். நல்ல பிள்ளைதான். ஆனால் எதற்கெடுத்தாலும் "பத்து நிமிடம்" என்பான்.

பெரிய கோயிலுக்கு முதலில் கூட்டிப்போனது நல்ல காரியம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், பங்குனி வெயிலில் கல்தரையில் கால் வைக்கவும் முடியாது. இரண்டாவது வாசலைத் தாண்டி உள்ளே போனதும் நான் நின்றுவிட்டேன். விமானம் 216 அடி. நம் வளவில் நிற்கிற பனையில் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார். அவ்வளவும் கருங்கல். தஞ்சாவூரைச் சுற்றி ஒரு மலை கிடையாது. கல் எல்லாம் வெளியூரிலிருந்து வந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது, இடையில் சாந்து இல்லை. கல்லின்மேல் கல், பாரம்தான் பிடிப்பு. குடை முன்னால் போகட்டும் என்று விட்டுவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் இணைப்புகளில் நகத்தை வைத்துப் பார்த்தேன். பல இடங்களில் நகம் நுழையவில்லை. சில இடங்களில் நுழைந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1010 இல் முடித்த வேலை. அன்று வைத்த கல்லில் இன்றைக்கு நகம் நுழைந்தால் அதற்காக நான் யாரையும் கூப்பிட்டுக் கேட்கமாட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்காது. நீ பிறந்த காலத்தில் சண்டையால் வன்னிக்குள் சீமெந்து வரத் தடை. ஒரு பை சீமெந்தைக் கண்ணால் காணாமல் வருடக்கணக்கில் மேசன் வேலை செய்தவன் நான். களிமண்ணும் சுண்ணாம்பும்தான். கிணற்றுக்கட்டு வெடித்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். 2002 இல் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்து முதல் லொறி சீமெந்து வந்தபோது, இரண்டு பையை வீட்டுக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தேன் என்று அம்மா இன்றைக்கும் சிரிப்பாள். அப்படிப்பட்டவனை இந்தக் கோயிலுக்குள் கொண்டுபோய் விட்டால் சாமி கும்பிடவா தோன்றும்? கும்பிட்டேன், பிந்தித்தான் கும்பிட்டேன்.

வழிகாட்டி விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றான். எல்லாரும் "ஆ!" என்றார்கள். அப்போது காலை எட்டு மணி. விமானத்தின் நிழல் மேற்குப் பக்க முற்றத்தில் பாய் விரித்ததுபோலக் கிடந்தது, அதில்தான் ஒரு குடும்பம் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "தம்பி, அது என்ன?" என்று கையைக் காட்டினேன். சிரித்துவிட்டான். "உச்சி வேளையில் விழாது ஐயா" என்றான். அது சரிதான். அடி அகலம், மேலே போகப்போகக் குறுகுகிற கட்டடம். பங்குனியில் வெயில் தலைக்கு நேரே வரும்போது நிழல் தன் மேலேயே விழுந்துவிடும். உச்சியில் இருப்பது எண்பது தொன் ஒற்றைக் கல் என்றும் சொன்னான். பல கற்களை இணைத்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று எங்களோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மெதுவாக என் காதில் சொன்னார். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்த உயரத்தில் பல கல்லை ஒரு கல்லாகத் தெரியும்படி சேர்ப்பது அதைவிடப் பெரிய வேலை.

அந்த ஆசிரியர்தான் எனக்கு அன்றைக்கு உண்மையான வழிகாட்டி. அடித்தளத்தைச் சுற்றி எழுத்து, எழுத்து, எழுத்து. ஒரு வரியை விரலால் தொடாமல் காட்டி வாசித்தார்: "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது. பிள்ளை, ராஜாவும் நம்மைப்போலக் "குடுத்த" என்றுதான் கதைத்திருக்கிறான்! அம்மாவுக்கோ வேறு இடத்தில் பிடித்தது. "பார்த்தீர்களா, மனுசிமாருக்கு முதல் அக்காவைச் சொல்லியிருக்கிறான். ஆண்கள் எல்லாம் ஒன்றுதான்" என்றாள். உன் பெரிய மாமிக்கு நாங்கள் கொடுத்த மாட்டை மனதில் வைத்துத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

தலைமைத் தச்சனின் பெயரும் கல்லில் இருக்கிறது. குஞ்சரமல்லன் என்கிற ராஜராஜப் பெருந்தச்சன். சவரம் செய்தவருக்கும் பெருநாவிசன் என்று பட்டம் கொடுத்து எழுதியிருக்கிறார்களாம். ஆடிய பெண்கள் நானூறு பேருக்கும் பெயரும் வீட்டு இலக்கமும் உண்டு. நான் நாற்பது வருடத்தில் எத்தனை வீடு கட்டியிருப்பேன்? நூறுக்கு மேல் வரும். ஒன்றிலாவது என் பெயர் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒட்டுசுட்டானில் யாரைக் கேட்டாலும் எந்தச் சுவர் யார் கட்டியது என்று சொல்வார்கள்.

ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருமானத்தையும் ராஜராஜன் இந்தக் கோயிலுக்கு எழுதி வைத்திருக்கிறான். காசு, நெல், இலுப்பை எண்ணெய். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. நம் கோயில் வீதியில் நிற்கிற இலுப்பையைத்தான் நினைத்தேன். அப்படி ஒரு மரத்துக் கொட்டையை ஆட்டி, பானையில் அடைத்து, நாங்கள் வந்த அதே கடலால் கொண்டுபோய் விளக்கெரித்திருக்கிறார்கள். எண்ணெய் கொடுத்தவர்கள் மனமுவந்து கொடுத்திருப்பார்களா என்ன? பொலனறுவையில் சோழர் கட்டிய சிறிய கற்கோயிலைப் பார்த்தோமே, வானவன்மாதேவி ஈஸ்வரம், அதன் முன்னால் நின்று நம்மவர் கட்டியது என்று உனக்குப் பெருமையாகச் சொன்னேன். இப்போது அந்தப் பெருமையோடு ஒரு கணக்குப் புத்தகமும் சேர்ந்துவிட்டது.

இனி முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். கருவறையைச் சுற்றி உள்ளே மேல்தளத்தில் ஒரு நடை இருக்கிறது. அங்கே போக விடமாட்டார்கள். வழிகாட்டி தன் கைத்தொலைபேசியில் படம் காட்டினான். சிவன் ஆடுகிற நாட்டிய நிலைகள், கரணங்கள் என்பார்கள், அவை நூற்றெட்டையும் செதுக்கத் தொடங்கி, எண்பத்தொன்றோடு நிறுத்திவிட்டார்கள். மீதி இருபத்தேழுக்கும் கல் வைத்தாயிற்று. இடம் விட்டாயிற்று. உளி மட்டும் படவில்லை. ஏன் என்று கேட்டேன். "ராஜேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்டசோழபுரத்துக்கு மாற்றியதால் என்பார்கள் ஐயா. சரியாகத் தெரியாது. வாருங்கள், நந்தியில் பத்து நிமிடம்" என்று குடையைத் தூக்கிவிட்டான்.

அதன்பிறகு நந்தியைப் பார்த்தேன், அவ்வளவு பெரிய ஒற்றைக் கல், நாயக்கர் காலத்தது என்றார்கள். மனம் அங்கே இல்லை. வேலை ஏன் நிற்கும் என்பது மேசனுக்குத் தெரியும். காசு முடிந்தால் நிற்கும். சொந்தக்காரனுக்கும் தம்பிக்கும் வழக்கு வந்தால் நிற்கும். ஆள் செத்தால் நிற்கும். ஊரே எழும்பிப் போனால் நிற்கும். எண்பத்தொன்றாவதைச் செதுக்கியவன் அன்று மாலை உளியைக் கழுவி வைக்கும்போது நாளைக்கு வருவேன் என்று நினைத்துத்தானே வைத்திருப்பான்?

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரண்மனை நாயக்கர் தொடங்கி மராத்தியர் இருந்த இடம். சரஸ்வதி மகால் நூலகத்தில் கண்ணாடிக்குள் சுவடிகள். இரண்டாம் சரபோஜி மன்னர் சேர்த்தவை நிறைய. 1799 இல் நாட்டை வெள்ளைக்காரனிடம் விட்டுவிட்டுப் புத்தகம் சேர்த்த மனிதர், கண் வைத்தியத்துக்கும் குறிப்பெழுதி வைத்தவர். அம்மா யாழ்ப்பாண நூலகம் என்று ஒரு வார்த்தை சொன்னாள், பிறகு இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. 1779 இல் கட்டிய ஷ்வார்ட்ஸ் பாதிரியார் தேவாலயத்தை வானுக்குள் இருந்தபடியே பார்த்தோம்.

கலைக்கூடத்துக்கு இருபது நிமிடம்தான் தந்தார்கள். அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ஒரு வெண்கலச் சிவன் நிற்கிறார். தலைமுடியைத் தலைப்பாகைபோலச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மாற்றிவைத்து, மாட்டின்மேல் கையை ஊன்றிச் சாய்ந்தபடி. மாட்டைக் காணவில்லை. கை மட்டும் வெறும் காற்றில் ஊன்றியிருக்கிறது. எவ்வளவு வடிவு தெரியுமா? அம்மா அதை விட்டு அசையவில்லை. "மாடு தொலைத்த மனிசன் முகம் இப்படியா இருக்கும்? சிரிக்கிறாரே" என்றாள். நாங்கள் 2008 மார்கழியில் சண்டைக்கு இடம்பெயரும்போது அவிழ்த்துவிட்டுப் போன பதினொரு மாட்டையும் அவள் இன்றைக்கும் பெயர் சொல்லி எண்ணுவாள்.

இதற்கு இருபது நிமிடம் கொடுத்தவர்கள், ஒரு கடையில் முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். தட்டு, படம், பட்டு என்று விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். வாங்காவிட்டால் வான் கிளம்பாதுபோல இருந்தது. நீ இன்னொரு முறை யாருக்காவது பதிவுசெய்தால் கடை இல்லாத சுற்றுலாவாகப் பார். அம்மா தெருவில் ஒரு கிழவியிடம் இரண்டு தலையாட்டிப் பொம்மை வாங்கினாள். ஒன்று உனக்கு. மற்றது அலுமாரியின்மேல் இருக்கிறது. பஸ் போனால் அதிர்ந்து ஆடுகிறது.

பின்னேரம் மற்றவர்கள் விடுதிக்குப் போனதும் நான் ஓட்டோ பிடித்துத் திரும்பவும் பெரிய கோயிலுக்குப் போனேன். அம்மா களைத்துப் படுத்துவிட்டாள். குடை இல்லை, பத்து நிமிடம் இல்லை. புல்தரையில் ஆறுதலாக உட்கார்ந்து, இருட்டும்வரை கல்லைப் பார்த்தேன். சுற்றுலாவில் எனக்கு மிகவும் பிடித்தது சுற்றுலா முடிந்த பிறகுதான்.

ஊருக்கு வந்து மூன்றாம் நாள் பழைய வீட்டுப் பக்கம் போனேன். உனக்குப் பத்து வயதில் உனக்கென்று ஓர் அறை இறக்கத் தொடங்கினேனே, ஞாபகமா? யன்னலின் அடிமட்டம் வரைக்கும் எழுப்பிவிட்டுத்தான் கிளம்பினோம். 2011 இல் செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பியபோது கூரை இல்லை, கதவு இல்லை, அந்த அரைச் சுவர் மட்டும் நின்றது. பிறகு இந்திய அரசின் ஐந்தரை இலட்ச ரூபா வீட்டுத் திட்டத்தில் பக்கத்தில் புது வீடு கட்டினோம். அம்மா பாம்பு அடைகிறது, இடித்துவிடுங்கள் என்று வருடாவருடம் சொல்வாள். நீயும் அதை முடிக்கக் காசு அனுப்பவா என்று இரண்டு முறை கேட்டாய். நான் பிறகு பார்க்கலாம் என்று தட்டிக்கழித்தேன். ஏன் என்று எனக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை.

பற்றையை வெட்டிவிட்டு நான்கு மூலையிலும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். கிழக்கு மூலையில் கால் அங்குலம் சாய்வு. மற்ற மூன்றும் நேர். அத்திவாரத்தில் வெடிப்பு இல்லை. அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து அரைச் சுவரில் வைத்துவிட்டு, "எத்தனை பை சீமெந்து வேண்டும்?" என்று கேட்டாள்.

காசு இப்போதைக்கு அனுப்பாதே. யன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று மட்டும் எழுது. குளத்துப் பக்கம் வைத்தால் காற்று வரும், ஆனால் பின்னேர வெயில் அடிக்கும்.

அன்புடன்,
அப்பா