லைனரில் கஞ்சம் வேண்டாம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்குத் தேர்வு நேரம், வீட்டில் யாருக்கும் வேறு நினைப்பே இல்லை. முட்டிவலி குறைந்திருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. சரியாகிவிட்டதென்று பயிற்சியை நிறுத்திவிடாதே.

சரி, நீ தயாரிக்கப் போகும் இரட்டைப்பக்க டேப் விஷயத்துக்கு வருகிறேன். பசையைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு, பசையை மூடியிருக்கும் சிலிக்கோன் பூசிய தாளான ரிலீஸ் லைனருக்கு ஒரே வரி கொடுத்திருக்கிறாய். உரித்துத் தூக்கிப் போடும் காகிதம்தானே என்று நானும் வெகுநாள் இருந்தேன். ஒருமுறை லைனரை மாற்றினோம். வந்த அன்று உரித்துப் பார்த்தேன், வெண்ணெயாக வந்தது. இரண்டு மாதம் கழித்து அதே ரோலை உரித்தால் காகிதம் கிழிந்து பசையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. பசை ஒட்டாமலிருக்க லைனரில் பூசும் அந்த சிலிக்கோன் முழுதாகக் க்யூர் ஆகவில்லை, அதாவது வினை முடிந்து இறுகவில்லை. அதில் வினைபுரியாமல் மிச்சமிருந்த ஹைட்ரைடு என்ற பகுதி, எங்கள் அக்ரிலிக் பசையில் இருந்த அமிலத்தோடு மெல்ல மெல்ல வினைபுரிந்திருக்கிறது.

அதனால் முதல்நாள் உரித்துக் கிடைக்கும் அளவை நம்பாதே. லேப் வழக்கம், உன் பசையும் லைனரும் ஒட்டிய பட்டைகளைச் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிராம் அழுத்தத்தில் 20 மணி நேரம் வைத்து, 180 டிகிரிக் கோணத்தில் நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் உரித்து விசையை அளப்பது. இதை அறை வெப்பத்தில் ஒருமுறை, 70 டிகிரியில் ஒருமுறை செய். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு ஏறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். முடிந்தால் சில வாரம் வைத்தும் அள. சப்ளையர் தரும் தாளில் இருக்கும் எண் பெரும்பாலும் ஏதோ ஒரு பொது டேப்பை வைத்து எடுத்தது, உன் பசைக்கு அது பொருந்தாது.

வேகத்தையும் மறக்காதே. கையால் உரிக்கும் பொருளா, மெஷின் உரிக்கப் போகிறதா? மெதுவாக உரிக்கும்போது சுலபமாக வரும் லைனர், நிமிடத்துக்கு நூறு மீட்டர் ஓடும்போது வேறு குணம் காட்டும்.

உனக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே லைனரோடு சுற்றும் டேப் என்றால், இரு பக்கமும் சிலிக்கோன் பூசி, ஒரு பக்கத்தை இறுக்கமாகவும் மற்றதை இலகுவாகவும் வைப்பார்கள். ரோலைப் பிரிக்கும்போது பசை இறுக்கமான பக்கத்தோடு நிற்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்தால் பசை மாறிப் போய் மறுபக்கம் ஒட்டிவிடும். வெப்பத்தில் வைத்த பிறகும் அந்த வித்தியாசம் நிற்கிறதா என்று இரு பக்கத்தையும் தனித்தனியாகச் சோதி.

அப்புறம், சுலபமாக உரிகிறது என்றாலே நல்ல லைனர் என்று ஆகிவிடாது. க்யூர் ஆகாத சிலிக்கோன் பசை மேல் ஏறியிருந்தாலும் சுலபமாகத்தான் உரியும், ஆனால் உன் டேப் எங்கும் ஒட்டாது. அதனால் லைனரிலிருந்து எடுத்த பட்டையைக் கண்ணாடியில் ஒட்டி, சிலிக்கோனைத் தொடாத பட்டையோடு ஒப்பிடு. ஒட்டும் வலு எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். சரக்கு இறங்கும் இடத்திலேயே விரலால் அழுத்தித் தேய்த்துப் பார். பிசுபிசுப்பாக இழுபட்டாலோ, பூச்சு உதிர்ந்தாலோ அந்த ரோலைத் திருப்பி அனுப்பு.

காகிதமா பிலிமா என்றும் கேட்டாய். காகிதம் ஈரத்தை இழுத்துச் சுருளும். வடிவங்களாக வெட்டப் போகிறாய் என்றால், தடிமன் சீராக இருக்கும் பாலியெஸ்டர் பிலிமையே எடுப்பேன். தடிமன் ஏறி இறங்கினால் கத்தி சில இடங்களில் சிலிக்கோனையும் தாண்டி இறங்கிவிடும், அங்கே பசை பிடித்துக்கொள்ளும். பிலிமுக்கு விலை கூடுதல்தான், இதில் மட்டும் கஞ்சம் பிடிக்காதே. ஒருவேளை சிலிக்கோன் பசைக்கு மாறினால் இந்த லைனர் எதுவும் ஆகாது, புளோரோசிலிக்கோன், அதாவது புளோரின் சேர்ந்த சிலிக்கோன், பூசியதுதான் வேண்டும்.

வாங்கும் முன் மூன்று மாதிரிகளை எனக்கும் அனுப்பு, இங்கே அடுப்பில் வைத்து உரித்துப் பார்த்து எழுதுகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்