செயலாளரின் ஆண்டறிக்கை: அச்சு அலமாரிக்கு ஒரு வயது

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானங்கள் ஏற்கெனவே சுற்றுக்கு விடப்பட்டுவிட்டன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும். இவற்றை இத்தோடு விட்டுவிட்டு, இந்த ஆண்டு நம் மெழுகுவர்த்திச் சங்கத்தின் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்ட, வார்ப்பு அச்சுகளுக்கான பொது அச்சு அலமாரிக்கு வருகிறேன்.

முன்பெல்லாம் தூண் வடிவ மெழுகுவர்த்தி என்றால் நம்மில் பலருக்குப் பால் அட்டைப்பெட்டிதான் அச்சு. ஊற்றி, ஆறியதும் கிழித்து எறிந்துவிடுவோம். மெழுகின் சூட்டில் பெட்டி பக்கவாட்டில் உப்பிக்கொள்ளும். நேரான தூண் கிடைப்பது அபூர்வம். எனவேதான் திரும்பத் திரும்பப் பயன்படும் அச்சுகளைச் சங்கமே வைத்திருந்து, உறுப்பினர்கள் எடுத்துப்போய்த் திருப்பித் தரும் ஏற்பாட்டைத் தொடங்கினோம். வழவழப்பான நேர்த்தூணுக்கு அலுமினியமும் பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கும், செதுக்கு வேலையுள்ள தூணுக்குச் சிலிக்கோனும் உள்ளன.

சிலிக்கோன் அச்சுகளை நாமே வார்த்தோம். முறுக்கு வரி கடைந்த மரத்தூண் ஒன்றைப் பலகையில் ஒட்டி, சுற்றிலும் பெட்டி கட்டி, கலந்தால் ரப்பர்போல இறுகும் இரு பாகச் சிலிக்கோனை எடை பார்த்துக் கலந்து ஊற்றினோம். தூணின் தலைமேல் ஊற்றாமல், பெட்டியின் ஒரு மூலையில் உயரத்திலிருந்து நூல்போல விட வேண்டும். அப்போதுதான் காற்றுக்குமிழிகள் விழும் வழியிலேயே உடையும். ஒரு குழுவின் அச்சு மறுநாளும் பிசுபிசுவென்றே இருந்தது. பெட்டியின் ஓரத்தை அடைக்க வைத்த களிமண்ணில் கந்தகம் இருந்ததுதான் காரணம். பிளாட்டினச் சேர்மத்தால் இறுகும் பிளாட்டின வகைச் சிலிக்கோன் கந்தகம் பட்டால் இறுகாது. சிலவகை ரப்பர் கையுறை பட்டாலும் அப்படித்தான். தகரச் சேர்மத்தால் இறுகும் தகர வகைக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் அது நாளடைவில் சற்றுச் சுருங்கும், ஆயுளும் குறைவு. பொது அலமாரிக்குப் பிளாட்டின வகையே போதும் என்று முடிவாயிற்று.

இறுகிய அச்சை ஒரு பக்கம் மட்டும் கீறித் திறக்க வேண்டும். நேர்கோட்டில் கீறினால் மூடும்போது இரு விளிம்பும் வழுக்கி விலகும். கத்தியை வளைத்து வளைத்துக் கொண்டுபோனால் மேடும் பள்ளமும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்திக்கொள்ளும். மேலே ரப்பர் வளையம் போடுவது மெழுகு கசியாமலிருக்கத்தான். இறுக்கிப் போட்டால் வட்டத்தூண் முட்டை வடிவத்தில் வெளிவரும்.

அச்சு நன்றாக அமைந்தும், வந்த புகார்களில் பெரும்பாலானவை நடுவில் பள்ளம் விழுவதைப் பற்றியவையே. அதற்கு அச்சைக் குறை சொல்லிப் பயனில்லை. மெழுகு ஆறும்போது சுருங்கும். வெளிப்புறம் முதலில் இறுகிவிடுவதால் சுருக்கம் முழுதும் திரியைச் சுற்றிய நடுப்பகுதியில் சேர்கிறது. மேலே பாலாடைபோல ஏடு கட்டியதும் திரிக்கு அருகில் மெல்லிய கம்பியால் குத்தி உள்ளே இருக்கும் வெற்றிடத்தைத் திறந்துவிட வேண்டும். அப்புறம் ஓரளவு ஆறியதும், முதல் முறையைவிடச் சற்றே கூடுதல் சூட்டில் இரண்டாம் ஊற்று. முதல் ஊற்றின் விளிம்பைத் தாண்டி நிரப்பினால் மெழுகு அச்சுக்கும் தூணுக்கும் இடையே இறங்கி, மேற்பரப்பைக் கெடுத்துவிடும். பலர் இந்த இரண்டாம் ஊற்றையே விட்டுவிடுகிறார்கள். சிலர் அவசரத்தில் அச்சை உறைபெட்டிக்குள் வைக்கிறார்கள். வெடிப்பு விழாமல் என்ன செய்யும்?

எவ்வளவு மெழுகு உருக்குவது என்ற கேள்வியும் ஓயவில்லை. அச்சில் தண்ணீர் நிரப்பி அளந்துகொள்ளுங்கள். பெட்ரோலிய மெழுகான பாரஃபினின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, ஏறத்தாழ 0.9. ஆகவே 500 மி.லி. தண்ணீர் பிடித்தால் 450 கிராம் மெழுகு வேண்டும். இரண்டாம் ஊற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அளந்த பிறகு அச்சைத் துடைத்து நன்றாகக் காயவிடாமல் ஊற்றவே கூடாது.

அலுமினிய அச்சில் ஊற்றும்போது மெழுகில் 10 சதவீதம்வரை ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் தூண் கெட்டியாகும், எளிதாகவும் கழன்று வரும். வளைந்து கொடுக்கும் சிலிக்கோனில் கழற்றுவதற்காக அது தேவையில்லை. ஒரு மாதக் கூட்டத்தில் இதன் வரலாற்றை ஓர் உறுப்பினர் அழகாகச் சொன்னார். கொழுப்பிலிருந்து பிரித்த இந்த அமிலத்தில் மெழுகுவர்த்தி செய்ய பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரூல், சக வேதியியலாளர் கே-லுசாக்குடன் சேர்ந்து 1825இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் ஏழை வீடுகளில் எரிந்தது புகையும் நாற்றமும் கொண்ட விலங்குக் கொழுப்பு. ஷெவ்ரூல் 102 வயதுவரை வாழ்ந்தார் என்றதும் கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. மெழுகுவர்த்திக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியைத் தலைவர் அனுமதிக்கவில்லை.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். கொதிநீருக்குள் வைத்து உருக்குங்கள், வெப்பமானியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடுப்பை விட்டு நகராதீர்கள். மெழுகு தீப்பற்றினால் அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் மெழுகு தெறித்து நெருப்பு பரவும். மிச்ச மெழுகைத் தொட்டித் துவாரத்தில் ஊற்றினால் அது குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

கண்காட்சி வழக்கம்போல நடந்தது. ஆனால் இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பரிசு பெற்ற தூண்களில் சிலவற்றைப் பிறகு ஏற்றிப் பார்த்தபோது, திரி மெலிதாக இருந்ததால் நடுவில் குழி தோண்டிக்கொண்டே இறங்கி, உருகிய மெழுகில் மூழ்கி அணைந்துபோயின. இன்னொன்றில் திரி அளவுக்கு மீறித் தடித்திருந்ததால் நுனியில் கரி மொட்டுக் கட்டிப் புகைந்தது. திரியைத் தூணின் விட்டத்துக்கும் மெழுகின் வகைக்கும் ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேன்மெழுகுக்கு எடுத்த திரி பாரஃபினுக்குப் பொருந்தும் என்று நினைக்கக்கூடாது. சிலர் நிறத்துக்காக மெழுகுப் பென்சிலை உருக்கிச் சேர்க்கிறார்கள். அதிலுள்ள நிறமித்துகள் திரியை அடைத்துவிடும். எண்ணெயில் கரையும் சாயமே சரி. உலர்பூ பதிப்பவர்கள் அதைத் திரியிலிருந்து தள்ளி, வெளிவிளிம்பை ஒட்டி வையுங்கள். இல்லையென்றால் பூவே இன்னொரு திரியாகிப் பற்றிக்கொள்ளும். எரியாத மெழுகுவர்த்திக்குப் பரிசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த ஆண்டு முதல் நடுவர்கள் போட்டித் தூண்களைத் திரியை 6 மி.மீ. அளவுக்கு நறுக்கி, ஏற்றிப் பார்த்த பிறகே மதிப்பெண் இட வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இதை எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். விவாதத்துக்கு நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது.

அச்சு திருப்பித் தருவது பற்றியும் சொல்லியாக வேண்டும். அலுமினிய அச்சுகளில் கத்தியால் சுரண்டிய கீறல்கள் காணப்படுகின்றன. ஒரு கீறல் விழுந்தாலும் அதன் பிறகு வரும் ஒவ்வொரு தூணிலும் அது பதியும். ஒட்டிய மெழுகைக் கழற்ற, தட்டில் தாள் விரித்து அச்சைக் கவிழ்த்து மிதமான சூட்டில் வைத்தால் தானே வழிந்துவிடும். பாலிகார்பனேட்டுக்கு இந்தச் சூடு வேண்டாம். சிலிக்கோனுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் அவை நசுங்கி அதே வடிவில் நின்றுவிடும்; நிமிர்த்தித் தனித்தனியே வையுங்கள். அலமாரிச் சாவியும் பதிவேடும் துணைச் செயலாளரிடம் இருக்கின்றன. முறுக்குத் தூண் அச்சு இன்னும் திரும்பி வரவில்லை. எடுத்தவர் பதிவேட்டில் கையெழுத்திடாமல் போயிருக்கிறார், இன்று கூட்டம் முடிவதற்குள் சொல்லிவிட்டால் நல்லது.

இந்த அறிக்கையை ஏற்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்