சென்சாரின் அளவைப் பெட்டியின் முகப்பில் அச்சிடுங்கள்: கேமரா தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேமரா தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவர்களின் சங்கமான சிப்பாவுக்கும்,

வணக்கம்.

போன வாரம் என் தங்கையோடு கேமரா பார்க்கப் போயிருந்தேன். அவளுக்கு இது ஏழாம் மாதம். குழந்தை பிறப்பதற்குள் நல்ல கேமரா ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். இரண்டு பெட்டிகளை எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் சட்டைப்பைக்குள் அடங்கும் காம்பாக்ட் கேமரா. முகப்பில் பெரிய எழுத்தில் 20 மெகாபிக்சல் என்று இருந்தது. இன்னொன்றில் 18-55 ஜூம் லென்ஸோடு வரும், லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய பெரிய கேமரா, தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். அதன் முகப்பில் 24 மெகாபிக்சல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாலு மெகாபிக்சல்தானே கூட? அதுக்காக ஏன் இவ்வளவு பெரிசைத் தூக்கிட்டு அலையணும்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. உங்கள் பெட்டி சொன்னதைத்தான் அவள் படித்தாள். 20, 24. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யார் யோசித்தாலும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள். அந்த இரண்டு கேமராக்களையும் உண்மையில் பிரிப்பது எது என்பது காம்பாக்ட் பெட்டியின் அடிப்பக்கத்தில், மணல் மணலான எழுத்தில், பத்தோடு பதினொன்றாகக் கிடந்தது. சென்சார், அதாவது ஒளியைப் படமாக மாற்றும் சில்லு, 1/2.3 இன்ச்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்சாரின் நீள அகலத்தை மில்லிமீட்டரில், மெகாபிக்சலை எழுதும் அதே பெரிய எழுத்தில், பெட்டியின் முகப்பில் அச்சிடுங்கள். அதன் பக்கத்தில் சென்சாரை உண்மை அளவில் ஒரு செவ்வகமாக வரைந்து காட்டுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

இதற்கு ஏன் இத்தனை பெரிய மடல் என்று நீங்கள் நினைக்கலாம். என் பாட்டியைப் பற்றிச் சொன்னால்தான் அது புரியும்.

பல வருடங்களுக்கு முன் நானும் என் தங்கை மாதிரியேதான் கேமரா வாங்கினேன். மெகாபிக்சலைப் பார்த்தேன், ஜூமைப் பார்த்தேன், பைக்குள் போட்டுப் பார்த்தேன், வாங்கிவிட்டேன். பாட்டிக்குப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. கேமராவைப் பார்த்தாலே முகம் விறைத்துவிடும். ஃப்ளாஷ் அடித்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். ஒரு நாள் சாயங்காலம், விளக்குப் போட்டும் போடாத நேரம், கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்து யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டுச் சிரித்தார். நான் இந்தக் கோடியிலிருந்து, ஃப்ளாஷை அணைத்துவிட்டு, ஜூம் செய்து, பதினாறு படங்கள் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரிந்தன. பாட்டி சிரிக்கிற படம் கிடைத்துவிட்டதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வருடம் பாட்டி போய்விட்டார். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று எல்லோரும் சொன்னபோது, என்னிடம் இருக்கிறது என்று முன்வந்தவன் நான்தான். அந்தப் பதினாறு படங்களையும் கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினொன்றில் முகம் ஆடியிருந்தது. வெளிச்சம் போதாமல் ஷட்டர் ஒரு நொடியில் பதின்மூன்றில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது. சிரிக்கிற மனுஷி அசையாமல் இருப்பாரா? மீதி ஐந்தில் ஆட்டம் இல்லை. ஆனால் முகமும் இல்லை. இருட்டை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கிடைத்த கொஞ்ச ஒளியைக் கூட்டிக் காட்டும் அமைப்பை, கேமரா தானாகவே 1600-க்கு ஏற்றியிருக்கிறது. அதனால் படம் முழுக்கப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைத் துடைக்கக் கேமராவுக்குள்ளேயே ஒரு மென்பொருள் ஓடுகிறது. அதற்குப் புள்ளி எது, பாட்டியின் முகச் சுருக்கம் எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. எண்பது வயதுப் பாட்டியின் முகம் மெழுகு பூசியது போல வழவழவென்று இருந்தது. கண்ணோரக் கோடுகள் இல்லை. இமை முடி இல்லை. சிரிப்பு என்பது இரண்டு பழுப்புத் தீற்றல்களுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தீற்றல்.

என் பாட்டி சிரித்ததற்கு எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். பாஸ்போர்ட் அளவுக்கு மேல் அதைப் பெரிதாக்க முடியவில்லை. கடைசியில் சுவரில் மாட்டியது பழைய அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம். அதில் அவர் விறைப்பாகத்தான் இருக்கிறார்.

அந்தக் கேமராவில் பழுது எதுவும் இல்லை. 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர் சென்சார் அந்த வெளிச்சத்தில் எவ்வளவு செய்யுமோ அவ்வளவு செய்தது. பரப்பு 28 சதுர மில்லிமீட்டர், சின்ன விரல் நகத்தைவிடச் சிறியது. தங்கை எடுத்துப் பார்த்த டி.எஸ்.எல்.ஆரின் சென்சார் ஏறக்குறைய 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர். பரப்பில் பதின்மூன்று மடங்கு. லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடும் என்று காட்டும் எஃப் எண்ணும் (எண் சிறிதானால் ஒளி அதிகம்) ஷட்டர் வேகமும் ஒன்றாக இருந்தால், அதன்மேல் விழும் மொத்த ஒளியும் பதின்மூன்று மடங்கு. 20-க்கும் 24-க்கும் நடுவில் இருக்கும் நான்கை முகப்பில் போட்டுவிட்டு, இந்தப் பதின்மூன்றை அடிப்பக்கத்தில் போடுகிறீர்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

அடிப்பக்கத்திலாவது புரியும்படி இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 1/2.3 இன்ச் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 11 மில்லிமீட்டர் வருகிறது. அந்தச் சென்சாரின் எந்தப் பக்கமும் 11 மில்லிமீட்டர் கிடையாது. மூலைக்கு மூலை அளந்தால்கூட 8 மில்லிமீட்டரைத் தொடாது. 1 இன்ச் சென்சார் என்று சொல்வதும் அப்படித்தான். ஓர் இன்ச்சுக்கு 25.4 மில்லிமீட்டர் என்று பள்ளியில் படித்தோம். அந்தச் சென்சாரின் மூலைவிட்டம் சுமார் 16 மில்லிமீட்டர். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துப் போட்ட பெயர் இது. குழாய் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த அளவை இன்னும் எங்கள் தலையில் கட்டுவதில் என்ன நியாயம்? நீங்கள் உங்கள் தொழிற்சாலைக்குள் எப்படி வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு மில்லிமீட்டரில் சொல்லுங்கள்.

சரி, பெரிய சென்சார் வேண்டுமென்றால் டி.எஸ்.எல்.ஆர். வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வாங்கினேன். பாட்டியின் படம் அப்படி ஆன ஆத்திரத்தில் வாங்கினேன். அங்கேயும் எனக்குத் தெரிய வேண்டிய ஒன்றை மறைத்திருந்தீர்கள். கூட வந்த 18-55 கிட் லென்ஸ் 18-இல் எஃப் 3.5, 55-க்குப் போனால் எஃப் 5.6. அதாவது முகம் எடுக்க ஜூம் செய்தவுடன் சென்சாரில் விழும் ஒளி குறைந்துவிடுகிறது. வீட்டுக்குள், சாயங்காலத்தில், திரும்பவும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற வேண்டியிருந்தது. முன்னைவிட எவ்வளவோ மேல்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் எதற்காக அதை வாங்கினேனோ அதற்கு எஃப் 1.8 லென்ஸ் ஒன்று தனியாக வேண்டும் என்று பெட்டியில் ஒரு வரிகூட இல்லை. அப்புறம் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கி மாட்டினேன். ஃபோகஸ் தானாக நகரவில்லை. சில தொடக்கநிலை கேமரா பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, மோட்டார் உள்ள லென்ஸைத்தான் போட வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. கையால் திருகித் திருகி எடுத்தேன். நாளாக ஆக, கனமும் பையும் பார்த்து, கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன நாட்கள் அதிகமாயின. வீட்டில் கிடக்கும் கேமராவின் சென்சார் எவ்வளவு பெரிதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது, இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி ஒன்றை நீங்களே வைத்திருந்தீர்கள் என்பது. 2012-இல் சோனி ஆர்.எக்ஸ்.100 வந்தது. 240 கிராம்தான், பைக்குள் அடங்கும். அதன் சென்சார் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், என் பழைய காம்பாக்டைப் போல நான்கு மடங்கு. லென்ஸ் ஜூம் செய்யாதபோது எஃப் 1.8. கணக்குப் போட்டால், அந்த நிலையில் அது சேர்க்கும் ஒளி கிட் லென்ஸ் மாட்டிய டி.எஸ்.எல்.ஆருக்குச் சமம், இம்மி கூட. ஜூம் செய்தால் டி.எஸ்.எல்.ஆர். முந்திவிடும், நல்ல லென்ஸ் மாட்டினால் எங்கோ போய்விடும். 2013-இல் ரிக்கோ ஜி.ஆர். வந்தது, டி.எஸ்.எல்.ஆரில் இருக்கும் அதே அளவுச் சென்சாரைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தார்கள். ஜூம் இல்லை, ஆனால் சிலருக்கு அதுவே போதும். இப்படிச் செய்யத் தெரிந்த உங்களுக்கு, இவற்றையும் 6.2 மில்லிமீட்டர் கேமராக்களையும் ஒரே அலமாரியில் ஒரே மாதிரிப் பெட்டியில் வைத்தால் எங்களுக்கு எப்படி வித்தியாசம் தெரியும் என்று தோன்றவில்லையா? ஆர்.எக்ஸ்.100-க்கும் தங்கை எடுத்துப் பார்த்த காம்பாக்டுக்கும் மெகாபிக்சல் ஒன்றேதான், 20.

கூடவே வேறு கோபங்களும் வருகின்றன. டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான். அதை ஏன் ஜூம் என்ற பெயரில் முகப்பில் போடுகிறீர்கள்? முந்தைய மாடலில் இருந்த மைக் செருகும் துளையைப் புதிய மாடலில் சத்தமில்லாமல் எடுத்துவிடுவது எதற்கு? உங்கள் சங்கத்தின் கணக்குப்படியே 2010-இல் நீங்கள் எல்லோருமாக அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2020-இல் 90 லட்சத்தைத் தொடவில்லை. போன் வந்து தின்றுவிட்டது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் போனில் இருப்பதைவிட அதிகம் பெரிதில்லாத சென்சாரை, பெரிது என்று நம்ப வைத்து விற்றீர்களே, வாங்கியவர் ஒரு நாள் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தானே செய்வார்? பார்த்துவிட்டு அடுத்த கேமராவை ஏன் வாங்குவார்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். சண்டை போட நான் எழுதவில்லை, கேட்கத்தான் எழுதுகிறேன்.

உங்களால் முடியாததையும் கேட்கவில்லை. ஒரு பேட்டரிக்கு எத்தனை படம் என்பதை அளக்க சிப்பா ஒரு பொது முறை வகுத்திருக்கிறது. முப்பது நொடிக்கு ஒரு படம், ஒன்று விட்டு ஒன்றுக்கு ஃப்ளாஷ் என்று அதில் அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் எந்த நிறுவனத்தின் எண்ணையும் எதோடும் நம்பி ஒப்பிட முடிகிறது. கை ஆட்டத்தை லென்ஸ் எவ்வளவு சரிசெய்கிறது என்பதற்கும் அப்படி ஒரு முறை வைத்திருக்கிறீர்கள். அவற்றுக்காக உண்மையிலேயே நன்றி. எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அவற்றை முடிவு செய்ய முடிந்ததென்றால், சென்சாரின் நீள அகலத்தை முகப்பில் போடுவதையும் முடிவு செய்யலாம். அதற்குச் சோதனைக்கூடம்கூட வேண்டாம், அளவு உங்களிடமே இருக்கிறது. லென்ஸோடு விற்கும் பெட்டியாக இருந்தால், ஜூமின் இரண்டு முனைகளிலும் எஃப் எண் என்ன என்பதையும் கீழேயே சேர்த்துவிடுங்கள்.

தங்கையிடம் அன்று இதையெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். எஃப் எண், ஐ.எஸ்.ஓ. என்று நான் சொல்லச் சொல்ல அவள் முகம் சோர்ந்துபோனது. நின்றுகொண்டே இருந்ததில் அவளுக்குக் கால் வேறு வலி. பில்லின் பின்பக்கத்தைத் திருப்பி, ஸ்கேல் ஒன்று கேட்டு வாங்கி, மூன்று செவ்வகங்கள் வரைந்தேன். 6.2-க்கு 4.6. 13.2-க்கு 8.8. 23.5-க்கு 15.6. "படம் விழுகிற இடம் இவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னேன். சின்னச் செவ்வகத்தின்மேல் விரலை வைத்தாள். விரல் நுனிக்குள் அது மறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இரண்டு பெட்டிகளையும் தள்ளி வைத்துவிட்டு, "ஒரு கையில பிள்ளையை வச்சுக்கிட்டு இன்னொரு கையால எடுக்கணும், பெரிசு வேண்டாம். இந்த நடுவுல இருக்கிறது எந்தக் கேமராவுல வரும்?" என்று கேட்டாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் ஸ்கேல் வைத்து வரைந்த அந்தச் செவ்வகத்தைத்தான் நீங்கள் பெட்டியின் முகப்பில் அச்சிட வேண்டும் என்று தயவுகூர்ந்து கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அளவுகள் சரியாக இருக்கின்றனவா என்று உங்கள் பொறியாளர்களிடம் ஒரு முறை காட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கேமராக்கள் இரண்டை வாங்கியவன், மூன்றாவதைத் தங்கைக்காகத் தேடிக்கொண்டிருப்பவன்