எதிர்ப்பா, சாட்சியா?

ஆசிரியருக்கு,

சீர்திருத்தத் திருச்சபைகள் குறித்த ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், 'புராட்டஸ்டன்ட்' என்றால் போப்பாண்டவரை எதிர்த்தவர் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். பாதிதான் சரி. அப்பெயர் 1517இல் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் திருச்சபை நடைமுறைகளை எதிர்த்து விட்டன்பர்க் நகரில் வெளியிட்ட வாதங்களிலிருந்து வந்ததன்று. 1529 ஏப்ரலில் ஜெர்மனியின் ஸ்பேயர் நகரில் கூடிய புனித ரோமானியப் பேரரசின் மன்றத்தில் பிறந்தது. சமய விஷயத்தில் அந்தந்த ஆட்சியாளரே முடிவெடுக்கலாம் என்று அம்மன்றம் 1526இல் ஒருமனதாக எடுத்த முடிவைப் பெரும்பான்மை பலத்தால் ரத்து செய்யக் கூடாதென்று ஆறு சிற்றரசர்களும் 14 நகரங்களும் முறைப்படி ஆட்சேப மனு கொடுத்தனர். லூத்தர் அந்த அவையில் இல்லவே இல்லை! மூலமான லத்தீன் வினைச்சொல்லுக்குப் பகிரங்கமாக அறிவித்தல் என்று பொருள். அதற்குள் இருப்பது சாட்சி சொல்லுதலைக் குறிக்கும் வேர். மனுவில் மறுப்பு இருந்தது உண்மை. கூடவே விசுவாச அறிக்கையும் இருந்தது.

நான் வரலாறு கற்பித்த நாட்களில் மாணவர்கள் விடைத்தாளில் 'எதிர்ப்பாளர் மதம்' என்றே எழுதுவார்கள். மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வந்ததில்லை. வழிகாட்டி நூல்களில் அப்படித்தான் இருந்தது. இத்தகைய கட்டுரைகளில் சமயப் பெயர் முதலில் வருமிடத்தில், அது பிறந்த ஆண்டையும் ஊரையும் இரண்டு வரிப் பெட்டிச் செய்தியாகத் தரலாம்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை