அம்பாசமுத்திரம் கிளைக்குப் போட்டுக்கொடுத்த கம்ப்யூட்டர் இணைப்பு குறித்த புகார்

அனுப்புநர்
உரிமையாளர், நில அளவை வரைபட அலுவலகம், பாளையங்கோட்டை.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

வணக்கம். எங்கள் பாளையங்கோட்டை அலுவலகத்தில் லினக்ஸ் போட்ட பெரிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. மனை வரைபடங்களை அதில்தான் கியூஜிஐஎஸ் மென்பொருளில் போடுகிறோம். அம்பாசமுத்திரம் கிளையிலுள்ள பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களை வெறும் திரையாக வைத்துக்கொண்டு, இங்கே ஓடும் மென்பொருளில் அங்கிருந்தே வேலை பார்க்கலாம், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்று சொல்லித்தான் உங்கள் ஆட்கள் ஆர்டர் எடுத்தார்கள். யோசனை நல்ல யோசனைதான். செய்துகொடுத்த விதத்தில்தான் குறை.

முதல் குறை, இணைப்பு அறுந்தால் வேலையும் போய்விடுகிறது. ஆனி, ஆடியில் பொதிகைப் பக்கமிருந்து காற்று கிளம்பிவிட்டால் கம்பத்தில் தொங்கும் இன்டர்நெட் கேபிள் எத்தனை தடவை அறுபடும் என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அறுந்தால் இங்கே ஓடிக்கொண்டிருந்த கியூஜிஐஎஸ் மூடிக்கொள்கிறது. சேமிக்காத கோடுகள் அத்தனையும் காலி. போன வாரம் ஒரு தோப்பின் எல்லையை வளைவு வளைவாகப் போட்டு முடிக்கும் தறுவாயில் அப்படிப் போனது. வரைந்த பெண் பேசாமல் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டாள்.

நீங்கள் போட்டிருப்பது எக்ஸ் விண்டோ முறை; ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளை இன்னொன்றின் திரையில் காட்டுவது. எக்ஸ்11 என்ற பெயரில் 1987 முதல் இருக்கிறது. ஒரே கட்டடத்துக்குள் அருமையாக ஓடும். ஆனால் அதில் சின்னச் சின்னக் காரியத்துக்குக்கூட இரண்டு கம்ப்யூட்டரும் மாறி மாறிக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு, கியூஜிஐஎஸ் வரைபடத்தைக் கோடுகளாக அனுப்பாமல் முழுப் படமாகவே அனுப்புகிறது. அதனால் அங்கே மெனுவைத் தொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது; வரைபடத்தை நகர்த்தினால் பட்டை பட்டையாக வந்து சேர்கிறது.

இதைப் போனில் சொன்னால், "அண்ணாச்சி, சிஸ்டம் பழசு. மாத்திட்டா சரியாயிரும்" என்கிறார் உங்கள் பொறியாளர். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று அங்கிருந்த ஒரு கம்ப்யூட்டரையே பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து எங்கள் அலுவலக நெட்வொர்க் சுவிட்சில் மாட்டினோம். மெனு தொட்டவுடன் திறந்தது. குறை கம்ப்யூட்டரில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒன்றும் வாங்க வேண்டாம் என்று சொல்லி விற்றவர்கள் இப்போது கம்ப்யூட்டர் விற்கப் பார்ப்பது நியாயமாகப் படவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கிளைக் கம்ப்யூட்டர்களில் 'யார் வேண்டுமானாலும் இணையலாம்' என்கிற மாதிரி அக்சஸ் கன்ட்ரோலை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். ரவுட்டரிலும் இந்த இணைப்பு வந்துபோகும் வாசலான 6000-ஆம் போர்ட்டைத் திறந்து விட்டிருக்கிறீர்கள். அந்த வழியாக நுழைகிறவர் எங்கள் திரையைப் படம் எடுக்கலாம், டைப் அடிப்பதையும் பார்க்கலாம். எங்களிடம் இருப்பது ஊர்க்காரர்களின் பட்டா விவரமும் பத்திர நகலும். தகவலை மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் வழியாக அனுப்பியிருந்தால் எல்லாம் பூட்டுக்குள் போயிருக்கும். அதற்குத் தனிச் செலவும் இல்லை. அப்புறம் ஏன் செய்யவில்லை?

அந்தப் போர்ட்டை இன்றே மூடச் சொல்லுங்கள். அடுத்து, இந்த ஏற்பாட்டுக்குப் பதிலாக எக்ஸ்2கோ போன்ற தொலை இணைப்பு மென்பொருள் ஒன்றைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் போட்டுத்தர வேண்டும். அது படத்தைச் சுருக்கி எஸ்எஸ்ஹெச் வழியாக அனுப்பும். கேபிள் அறுந்தாலும் வேலை இங்கே அப்படியே நிற்கும், திரும்ப இணைந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இலவச மென்பொருள்தான், பழைய கம்ப்யூட்டர்களே போதும். கையெழுத்து வாங்கும்போது கிளை அம்பாசமுத்திரத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும், ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கிறது. அதனால் இதைப் புது வேலை என்று கணக்குப் போட வேண்டாம்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். முடியாதென்றால் நிறுவுவதற்கு வாங்கிய தொகையையும் இந்த ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம். ரசீதுகள், ஒப்பந்த நகல், ரவுட்டர் அமைப்பைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்