மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியோருக்கு வேளை தவறாமல் மருந்து கொடுப்பது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். ஆனால் ஒரு வாரத்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, கிழமை எழுதிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லும் யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் கடலூரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உப்பு ஜாடிக்குள்ளேயே கசிகிறது. காலையில் பொரித்த அப்பளம் மதியத்துக்குள் நமத்துவிடுகிறது. அந்தக் காற்று மாத்திரையை மட்டும் விட்டுவைக்குமா?

என் சித்தி மகள் வலிப்பு நோய்க்குக் கார்பமாசெபைன் சாப்பிடுகிறாள். வீடு தேவனாம்பட்டினத்தில், கடலை ஒட்டி. தீபாவளிக்குப் போனபோது, பிரித்த மாத்திரைகளைச் சமையலறை அலமாரியில் ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். அதிலிருந்து ஒன்றையும் புதிய அட்டையிலிருந்து ஒன்றையும் இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டேன். அட்டை மாத்திரை கொஞ்ச நேரத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. டப்பா மாத்திரை கூழாங்கல்லாக அடியில் கிடந்தது. அந்த மாதம் அவளுக்கு இரண்டு முறை வலிப்பு வந்திருந்தது. அதற்கு இதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த டம்ளர் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நடப்பது இதுதான். சவுக்குக் கட்டைகளை லாரியில் ஒரே வாட்டத்தில் நெருக்கி அடுக்கினால் ஒன்றை உருவுவதே பெரும்பாடு. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் எளிதாக எடுக்கலாம். கட்டை அதேதான். மருந்தின் மூலக்கூறுகளும் அப்படித்தான், ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக அடுக்கிக்கொண்டு வெவ்வேறு படிகங்களாகும். கார்பமாசெபைன் ஈரத்தை இழுத்துக்கொண்டால், தண்ணீரும் சேர்ந்த வேறொரு படிகமாகிவிடும். அது கரைவது கடினம். கரையாத மருந்து இரத்தத்தில் சேருவது எப்படி? ஈரமான இடத்தில் வைத்த இந்த மாத்திரை மூன்றில் ஒரு பங்கு வரை பலன் இழக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1990இலேயே எச்சரித்தது. தயாரிப்பாளர்களும் இதில் அடிபட்டிருக்கிறார்கள். 1996இல் விற்பனைக்கு வந்த எச்.ஐ.வி. மருந்து ரிட்டோனாவிரில், இரண்டே ஆண்டில் யாரும் எதிர்பாராத புதிய படிக வடிவம் தலைகாட்டியது. அது சரியாகக் கரையாததால் கேப்சூலையே சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது.

மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலையின் தர ஆய்வுப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். தூளில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், அது எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கருவி மேடுபள்ளமான ஒரு கோடாகத் தாளில் வரைந்துவிடும். அந்தத் தாளையும், சரியான மருந்துக்கு வரைந்து வைத்த மாதிரித் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்ப்போம். முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக உட்கார வேண்டும். மழைக்காலத்தில் சரியாக உலராத தூள் என்றால், ஈரம் இருக்கும் இடத்தில் ஒரு மேடு புடைத்து நிற்கும். கூர்மையாக இருக்க வேண்டிய முகடு பக்கத்தில் விலகியிருக்கும். எடையும் நிறமும் காட்டிக்கொடுக்காததை அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். 1928இல் கல்கத்தாவில் சர் சி.வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறலும் இன்று இதே வேலைக்குப் பயன்படுகிறது. லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பது தெரிகிறது. நம் திருச்சி மண்ணில் பிறந்தவரின் கண்டுபிடிப்பு ஒரு மாத்திரையின் உள்ளடுக்கைப் படித்துச் சொல்கிறது என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

எல்லா மாத்திரையும் இப்படிக் கெடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் எது கெடும், எது கெடாது என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால் டப்பா வேண்டுமென்றால், மாத்திரை இருக்கும் குமிழ் திறந்துவிடாமல் அட்டையைக் கத்தரித்துப் போடுங்கள். கொடுக்கும்போது நீங்களே பிரித்துக் கொடுங்கள்; கண் மங்கியவர்கள் அட்டையோடு விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. சந்தேகம் வந்தால் அளவை நீங்களாகக் கூட்டாமல் மருத்துவரிடம் போங்கள். மருந்துக்கடைக்காரர்களும் வலிப்பு மாத்திரையை உதிரியாகக் காகித உறையில் போட்டுக் கொடுப்பதை நிறுத்த வேண்டும்.

மழை தொடங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே இந்தத் திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற மருந்துத் தர ஆய்வாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.