ஷென்லி பூங்கா பழைய கார் பந்தயம்: ஞாயிறு சேர்ந்து போகிறோம்

அனைவருக்கும் வணக்கம் 🙏

பிட்ஸ்பர்க் விண்டேஜ் கிராண்ட் பிரி வந்துவிட்டது. 1983 முதல் நடக்கிறது. தன்னார்வலர்களே நடத்துகிறார்கள், திரட்டும் பணம் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான அமைப்புகளுக்குப் போகிறது. நாம் போவதற்கு இது ஒன்றே போதும்.

நாள்: வரும் ஞாயிறு. காலை 8.30க்கு ஸ்குவிரல் ஹில் நூலக வாசலில் கூடுவோம், அங்கிருந்து நடை. சனிக்கிழமை பயிற்சி ஓட்டம்தான், பந்தயம் ஞாயிறு.

1. பார்க்கக் கட்டணம் இல்லை. காரில் வருபவர்கள் பார்க்கிங் நன்கொடை தரவேண்டி வரும்.

2. குழந்தைகளுக்குக் காதடைப்பான் கட்டாயம். சத்தம் நெஞ்சுக்குள் அதிரும், கைக்குழந்தைகள் அலறிவிடுவார்கள்.

3. தொப்பி, தண்ணீர், மடக்கு நாற்காலி.

4. பந்தயம் ஓடும்போது சாலையைக் கடக்கவே கூடாது. நாம் தினமும் நடக்கிற அதே பூங்கா ரோடுதான் தடம்: சுமார் 2.3 மைல், 23 வளைவு, ஓரத்தில் கல்சுவர், அதன்முன் வைக்கோல் கட்டுகள். குறுகிய வளைவில் பழைய எம்.ஜி.யும் போர்ஷேயும் கியர் இறக்கித் திரும்புவதை அருகிலிருந்து பார்த்தால் டிவி பந்தயமே பிடிக்காது. கயிற்றுக்கு வெளியே நின்றே பாருங்கள்.

5. கோல்ஃப் மைதானத்தில் பழைய கார் கண்காட்சி. உரிமையாளரைக் கேட்காமல் காரைத் தொடவேண்டாம். கேட்டால் ஆசையாகப் பேசுவார்கள்.

6. மதியச் சாப்பாடு: புளியோதரை, தயிர்சாதம். செய்து தருபவர்கள் சொல்லுங்கள்.

வருபவர்கள் பெரியவர் எத்தனை, குழந்தை எத்தனை என்று வியாழன் இரவு 8 மணிக்குள் இங்கேயே பதில் போடுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள், கார் ஏற்பாடு செய்யவேண்டும்.